ஆமையிடம் கொடுத்து வைத்த நகல்

இந்தக் காட்டில் எனக்கு முதலில் கெடுதல் செய்தது கீரி வீரணன். உப்புப் பாறைக்குப் போகும் வழியில் என் வாலை மிதித்துவிட்டு, "அட, இது வாலா? வேருன்னு நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் போனான். தேதி, நேரம், இடம் எல்லாம் என்னிடம் இருந்தன. இருந்தன என்றுதான் சொல்ல முடியும். இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கதை.

நான் உடும்பு. ஓடைக்கரையில் மருத மரத்தின் அடிப்பொந்தில் குடியிருக்கிறேன். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நிறுத்த வைத்தவர் பெயரும் என்னிடம் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஒரு நகத்தால் தட்டி எழுதுவேன். நமக்கு வந்த கெடுதலை எழுதப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வந்த அன்றைக்கே எழுத வேண்டும், அவ்வளவுதான்.

எழுதுவதற்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். மலையேற வந்தவர்கள் ஒரு பையோடு விட்டுப் போனது. மரத்தின் மேல் ஒரு சோலார் தகடு. அதை ஓட்டுகிற லினக்ஸ் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவன் அதே வீரணன்தான்.

"வாலை மிதிச்சதுக்குப் பரிகாரமாடா?" என்று கேட்டேன்.

"எந்த வாலு மாமா?" என்றான்.

அதையும் எழுதிக்கொண்டேன்.

லினக்ஸுக்கு அடையாளம் ஒரு குண்டுப் பறவை. எங்கள் காட்டில் அப்படி ஒரு பறவை கிடையாது. பறக்காது, பனியில் சும்மா நிற்கும் என்றான் வீரணன். பறக்காத பறவை நாலு மரம் சுற்றி வம்பு பேசாது. எனக்குப் பிடித்துப் போயிற்று. ஒன்பது வருடம் ஒரு தொந்தரவு இல்லை. அந்த ஒன்பது வருடத்தில் கோப்பில் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று கெடுதல்கள் சேர்ந்தன. ஒன்றுகூடப் பொய் கிடையாது. ஒன்றுகூட மிகை கிடையாது. காடு என்னைப் பார்த்துச் சிரித்தது. "மாமா, இன்னைக்கு யாரு மாட்டுனா?" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். கேட்டவர்களையும் சேர்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் புலி அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. இனி எல்லோருக்கும் குடியிருப்பு அட்டை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அட்டை வாங்காதவர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அந்தப் பக்கம் வெறும் கல். அட்டை வாங்க வேண்டுமானால், நாம் இந்தக் காட்டில் இருக்கிறோம் என்பதற்கு, சொந்தபந்தம் இல்லாத ஒருவர் எழுதி வைத்த ஆதாரம் வேண்டும்.

புலியிடம் எழுத்தராக இருப்பது மந்தி வைத்தியலிங்கம். முதல் நாள் எல்லோரும் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முயல் மானுக்கு எழுதியது. மான் முயலுக்கு எழுதியது. 'இவர் ஒழுக்கமானவர், எனக்கு நன்கு அறிமுகமானவர்.' மந்தி இரண்டைப் படித்துவிட்டு மொத்தக் கட்டையும் ஓரமாக வைத்தது.

"நல்லவிதமா எழுதுனது எதுவும் செல்லாது."

"ஏன் சார்?"

"நல்லவிதமா எழுதிருந்தா அது கேட்டு வாங்குனது. தானா உக்காந்து எவன் எவனை நல்லவன்னு எழுதுவான்? அடுத்தவங்க வாங்க."

மறுநாள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் புகார் எழுதிக்கொண்டு வந்தார்கள். முயலும் மானும் ஒரே விளாம்பழத்தைப் பங்கு போட்டுத் தின்றபடி வரிசையில் நின்றன. மந்தி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தது.

"கோவத்துல எழுதுனவங்க இப்பிடித்தான் ஊட்டி விட்டுக்குவீங்களா? போங்க, போங்க."

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து முள்ளம்பன்றி காத்தவராயன் கத்தினான்: "சார், நம்ம உடும்பு மாமா எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்காரே!"

மந்தி பேனாவைக் கீழே வைத்தது. "உடும்போட கோவமா? அது அசலாச்சே. அது செல்லும். அவருக்கும் அதே போதும். வாலை மிதிச்சிருக்காங்கன்னா வாலு இங்கதான இருந்திருக்கு? கோப்பை எங்க இணையதளத்துல ஏத்தச் சொல்லுங்க."

மறுநாள் காலை என் பொந்து வாசலில் காடே நின்றது. ஒன்பது வருடம் என்னைக் கேலி செய்தவர்கள் எல்லோரும் கைகட்டி நின்றார்கள். காத்தவராயன்தான் முதலில் வந்தான்.

"மாமா, நான் உங்களுக்கு ஏதும் கெடுதல் பண்ணிருக்கேனா?"

"ஏழு."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏழா! எங்கம்மா பேரு இருக்கா மாமா?"

"ஐப்பசி மாசம் என் வாசல்ல மூணு முள்ளை உதிர்த்துட்டுப் போனா. குத்துச்சு."

"தெய்வம் மாமா நீங்க."

அடுத்து முயல் செண்பகம் வந்தாள். அவள் பெயரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு வருடம் முன்பு என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓடினாள்.

"அன்னைக்கு என்னைச் செந்நாய் துரத்துச்சு மாமா."

"அது செந்நாய் பேர்ல தனியா இருக்கு. புழுதி கிளப்புனதுக்கு."

"கொஞ்சம் பெருசா ஏதும் இல்லியா மாமா? ஒண்ணை மட்டும் காட்டுனா மந்தி ஏதும் சொல்லுமோ?"

மயில் வரிசையில் நிற்கவே இல்லை. நேராக முன்னால் வந்து, "எனக்கு எத்தனை?" என்றது. பதினான்கு என்றேன். தோகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கோப்பை அலுவலகத் தளத்தில் ஏற்றப் போனால், தளம் என் பிரவுசரை ஏற்கவில்லை. பழையதாம். வீரணன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"மாமா, ஒம்போது வருசத்துல ஒரு அப்கிரேடுகூடவா பண்ணல?"

"நல்லா ஓடுறதை எதுக்குடா தொடணும்?"

"நாலு பதிப்பு பின்னாடி இருக்கீங்க. ஒரே தாவா தாவ முடியாது. ஒண்ணு ஒண்ணா ஏறணும். நடுவுல எங்க வேணாலும் வழுக்கும். மொதல்ல பேக்கப் எடுங்க. பேக்கப் இல்லாம நான் ஒரு பட்டனைத் தொட மாட்டேன்."

வாலை மிதித்தவன் என்றாலும் தொழிலில் சுத்தம். கம்ப்யூட்டரோடு வந்த பையில் கிடந்த வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகி, என் எழுத்தெல்லாம் இருக்கும் ஹோம் ஃபோல்டர் மொத்தத்தையும் அதில் நகல் எடுத்தான். மறைந்து கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைக்கூட விடவில்லை. எடுத்தால் மட்டும் போதாது, திறந்து பார்க்க வேண்டும் என்று டிஸ்கிலிருந்தே என் கோப்பைத் திறந்து முதல் வரியைப் படிக்கச் சொன்னான். படித்தேன். அவன் என் வாலை மிதித்த வரி. சத்தமாகவே படித்தேன். அவன் காதில் வாங்காமல் டிஸ்கைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

"இதை இங்க வெக்காதீங்க. பொந்துல தண்ணி ஏறுனா ரெண்டும் சேர்ந்து போயிரும். வெளிய, நம்பிக்கையான ஆளுகிட்டக் குடுத்து வைங்க."

அங்கேதான் சிக்கல் வந்தது. நம்பிக்கையான ஆள் யார்? காட்டில் இருக்கிற அத்தனை பேரும் கோப்பில் இருந்தார்கள். கெடுதல் செய்தவனிடமே அவன் செய்த கெடுதலைக் கொடுத்து வைப்பதா? காத்தவராயன், "நான் வெச்சுக்கறேன் மாமா" என்று கை நீட்டினான். ஏழு முறை என்னைக் கெடுத்த கை அது.

உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் தேடிப் பார்த்தேன். யானை, ஆறு. தேவாங்கு, இரண்டு. மரங்கொத்தி, நூற்றுப் பதினொன்று. அவன் என் மரத்திலேயே தொழில் செய்கிறவன். மத்தியானம் வரை தேடியதில் ஒரே ஒரு பெயர்தான் கோப்பில் இல்லை. ஆமை சொர்ணம்.

சொர்ணம் எனக்கு எதிர்வீடு. ஓடையோரப் புதர் அவளுடையது. பதினோரு வருடமாக இருக்கிறாள். என் வழியில் குறுக்கே வந்ததில்லை, சத்தம் போட்டதில்லை, என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. டிஸ்கை எடுத்துக்கொண்டு போனேன்.

"சொர்ணம், இதைப் பத்திரமா வெச்சிரு. இந்தக் காட்டுல நம்பி ஒண்ணைக் கொடுக்க உன்னைத் தவிர ஆளில்ல."

அவள் கழுத்தை மெதுவாக வெளியே நீட்டினாள். "அண்ணே, உங்க கோப்புல என் பேரு எத்தனை வாட்டி இருக்கு?"

"ஒரு வாட்டிகூட இல்ல. நீ உத்தமி."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கழுத்து உள்ளே போய்விட்டது. உள்ளேயிருந்தே பேசினாள்.

"அப்ப எனக்கு அட்டை?"

நான் டிஸ்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"ஒண்ணே ஒண்ணு எழுதிருங்க அண்ணே. சும்மா. சொர்ணம் என்னை முறைச்சுப் பாத்தாள்னு."

"நீ முறைக்கலையேம்மா."

"முறைச்சேன்னு எழுதுனா என்ன?"

"அந்தக் கோப்புல ஒரு பொய் கிடையாது. அதனாலதான் மந்தியே ஏத்துக்குது. உனக்காக ஒண்ணை நுழைச்சா மத்த ஆயிரத்து நூத்தி நாப்பத்தி மூணும் பொய்யாயிரும்."

அவள் டிஸ்கை வாயில் கவ்வி ஓட்டுக்குள் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நேர்மையாக நடந்துகொண்ட சங்கடம்தான்.

வியாழக்கிழமை காலை வீரணன் வேலையைத் தொடங்கினான். முதல் பதிப்பு ஏறியது. இரண்டாவது ஏறியது. வாசலில் நின்ற கூட்டம் கைதட்டியது. மூன்றாவது பாதியில் இருக்கும்போது, மேலே சோலார் தகட்டில் மயில் ஏறி நின்று தன் அழகைப் பார்த்தது. தகடு கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்ததாம். அது தோகையை விரித்ததும் தகட்டில் வெயில் போயிற்று, வெயில் போனதும் மின்சாரம் போயிற்று. பேட்டரி இருந்திருந்தால் தாங்கியிருக்கும். பேட்டரியை நரி வாங்கிக்கொண்டு போய் மூன்று வருடமாகிறது. அதுவும் கோப்பில் இருந்தது.

மயிலை இறக்கிவிட்டு மறுபடி போட்டால் கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்ணைக் கண்ணைச் சிமிட்டியது.

"போச்சா?" என்றேன்.

"மொத்தமும் போச்சு. புதுசாவே போட்டுடறேன் மாமா. அதுவே நல்லது. பேக்கப்தான் இருக்கே, எதுக்குப் பயப்படறீங்க?"

மத்தியானத்துக்குள் புதிய லினக்ஸ் போட்டுவிட்டான். பளிச்சென்று இருந்தது. உள்ளே ஒரு வரி இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு வெறுமையை நான் பார்த்ததில்லை. கோப்பு இல்லாத அந்தத் திரையில் எனக்கு யாருமே ஒரு கெடுதலும் செய்யாத மாதிரி இருந்தது. டிஸ்கை வாங்கிவர ஓடினேன். கூட்டமும் பின்னாலேயே வந்தது.

"சொர்ணம், டிஸ்கைக் குடு."

"தர மாட்டேன் அண்ணே."

"என்ன?"

"தர மாட்டேன்."

கூட்டத்தில் ஒரே கூச்சல். காத்தவராயன், "ஏ ஆத்தா, எங்க எல்லாரோட அட்டையும் அதுக்குள்ளதான் இருக்கு!" என்று கத்தினான். செண்பகம் அழுதாள். சொர்ணம் அசையவில்லை.

"பதினோரு வருசம் இவருக்கு எதிர்ல குடியிருந்தேன். மயிலுக்குப் பதினாலு. மரங்கொத்திக்கு நூத்திப் பதினொண்ணு. எனக்கு ஒண்ணுமில்ல. இந்தக் காட்டுல நான் இருந்ததுக்கு ஒரு வரி கிடையாது. நாளைக்குச் சாயங்காலம் என்னை அந்தப் பக்கம் அனுப்பிருவாங்க. என் முட்டை இந்தக் கரையில பொதைஞ்சிருக்கு. பொரிச்சு வெளிய வரும்போது அதுகளுக்கு யாரு இருக்கா?"

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றேன்.

"போன பங்குனியில நாலு முட்டை காணாமப் போச்சு அண்ணே. நான் எதிர்வீட்டுலகூடக் கேக்கல. எங்கயும் எழுதல."

அது வேறு விஷயம். என் கோப்பு எனக்கு வந்த கெடுதல்களுக்கானது.

"பேச்சை மாத்தாத. என் ஒம்போது வருசத்தை உங்கிட்ட நம்பிக் குடுத்தேன். குடுத்த பொருளைத் திருப்பிக் கேக்கறேன். மாட்டேன்னா என்ன அர்த்தம்? இது துரோகமில்லையா?"

கழுத்து வெளியே வந்தது. "துரோகம்தான் அண்ணே. கோவம் வருதா?"

"வராம? உடம்பெல்லாம் எரியுது."

"அப்பப் போயி எழுதுங்க."

நான் நின்றபடியே அவளைப் பார்த்தேன். கூட்டமும் பார்த்தது. அவள் சொன்னது சரி. பொய்யில்லை, மிகையில்லை. இத்தனை பேர் சாட்சி வேறு. போய் எழுதினேன். புதிய கோப்பில் முதல் வரி: வியாழக்கிழமை மதியம், ஓடையோரப் புதர், ஆமை சொர்ணம், நம்பிக் கொடுத்ததைத் தர மறுத்தாள். நகம் வலிக்க வலிக்கத் தட்டினேன். திரும்பி வந்து சொன்னேன்.

"எழுதியாச்சு. இப்பக் குடு."

"குடுத்தா அந்த வரியை நீங்களே அடிச்சிருவீங்களே அண்ணே."

அடித்துவிடுவேன்தான். சரியாகிவிட்ட கெடுதலை வைத்துக்கொண்டிருப்பது திருட்டு. அது அவளுக்கும் தெரியும். பதினோரு வருடம் எதிர்வீட்டில் சும்மாவா இருந்தாள்?

நான் வாயைத் திறப்பதற்குள் காத்தவராயன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அடப்பாவிகளா, பழசு எதுக்கு? இன்னைக்குப் புதுசாப் பண்ணுனாலும் செல்லுமே!" சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பி என் முதுகில் ஒரு முள்ளைக் குத்தினான். "மன்னிச்சுக்கோங்க மாமா. இல்ல, இல்ல, மன்னிக்காதீங்க!"

பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்? என் பொந்து வாசலில் மறுபடி வரிசை. ஒவ்வொருவராக வந்து ஒரு கெடுதல் செய்துவிட்டு, நான் எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். யானை வாசலை மிதித்துப் பாதியை மூடியது. மரங்கொத்தி காதோரம் வந்து கொத்தினான். நரி ஒன்றும் செய்யாமலே வரிசையில் வந்து என் எதிரில் நின்று, "உங்க பேட்டரி நல்லா ஓடுது" என்றது. அதற்கு இரண்டு வரி.

செண்பகம்தான் பாவம். வந்து, தயங்கி, என் வால் நுனியில் காலை வைத்தாள்.

"வலிக்குதா மாமா?"

"இல்ல."

"இன்னும் கொஞ்சம் அழுத்தவா?"

"அழுத்து."

"இப்ப?"

"எனக்கு வலிக்கணும்னு நீ படுற பாட்டைப் பாத்தா எனக்குக் கோவமே வரமாட்டேங்குது. அடுத்த ஆளை விடு."

அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அழுதழுது, விக்கல் எடுத்து, நிறுத்தவே இல்லை. அரை மணி நேரம். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "வாயை மூடறியா இல்லியா?" என்று கத்திவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க, எழுதுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை கோப்பைத் தளத்தில் ஏற்றினோம். புதிய பிரவுசர் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் அட்டை வந்துவிட்டது. எனக்கும் வந்தது. முதல் அட்டை சொர்ணத்துக்கு. மந்தி எழுந்து நின்று கொடுத்ததாம், "இவ்வளவு கோவமா எழுதுன வரியை நான் பாத்ததே இல்லம்மா" என்று சொல்லி.

காட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அட்டையை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை வரிசை கட்டி வருகிறார்கள். பழைய கோப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கு அது தேவையில்லை. தேவைப்படுவது எனக்கு மட்டும்தான்.

புதிய கோப்புக்கு வாரா வாரம் வீரணன் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துத் தருகிறான். அதை மயிலிடம் கொடுத்து வைக்கிறேன். கேட்டால் உடனே கொடுத்துவிடுகிறது. அதற்குக் கெடுதல் கணக்கில் குறைவில்லை; என் டிஸ்கை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றும் சம்பாதிக்க வேண்டியதில்லை.

சொர்ணத்தின் முட்டைகள் பொரித்துவிட்டன. ஒன்பது குட்டிகள் வாசலில் ஊர்கின்றன. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போய்க் கேட்கிறேன். "அடுத்த வருசம் பாக்கலாம் அண்ணே" என்கிறாள், மரியாதையாக. குட்டிகளுக்கும் சேர்த்து அந்த ஒரு வரிதானே இருக்கிறது என்கிறாள். என் ஒன்பது வருடம், ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று, இன்னும் அவள் ஓட்டுக்குள்தான் கிடக்கிறது. எனக்கு வர வேண்டியது வரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமையும் போவேன்.

இதனால் நான் கண்ட நீதி: பேக்கப்பை நல்லவரிடம் கொடுத்து வைக்காதே, அவர் உனக்குச் செய்ய வேண்டிய கெடுதல் இன்னும் பாக்கி இருக்கிறது. ஏற்கெனவே கெடுத்தவரிடம் கொடு. அவருக்கு வேலை முடிந்துவிட்டது.